திருகோணமலையில் ஒரு தவக்காலம்

டொராண்டோவில் வசிக்கும் என் பழைய நண்பரின் மகள் சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். படிப்பை முடித்துவிட்டாள். வேலையில் சேருமுன் ஆறு மாதம் திருகோணமலையில் தன்னார்வத் தொண்டராகத் தங்கிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகிறாளாம். தவக்காலமும் பெரிய வாரமும் அந்த ஆறு மாதத்துக்குள் வருகின்றன. "மாமா, சுனாமிக்குப் பிறகு நீங்கள் அங்கே ஒரு தவக்காலம் முழுதும் இருந்தீர்கள் என்று அப்பா சொன்னார். எப்படி இருந்தது? நான் என்ன தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?" என்று கேட்டிருந்தாள்.

எளிய கேள்விதான். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தித்தாளில் எழுதியிருக்கிறேன். சட்டமன்றம், சாதிக்கலவரம், புயல், தேர்தல் எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டின் அந்த இரண்டு மாதங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மையான காரணம் ஓர் இரவு. அதைத் தாண்டி எழுத முடியாது, அதை எழுதவும் மனம் வரவில்லை. இப்போது ஒரு பெண் அங்கே போகப் போகிறாள். சொல்லிவிடுவதே முறை.

2004 டிசம்பர் 26 காலை நான் சென்னையில் இருந்தேன். அன்று மாலையே நாகப்பட்டினத்துக்குக் கிளம்பினேன். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மூன்று வாரம் நாகையிலும் வேளாங்கண்ணியிலும் நான் செய்த வேலை எண்ணுவது. காலையில் ஓர் எண்ணிக்கை, மாலையில் ஓர் எண்ணிக்கை, இரவுப் பதிப்புக்கு இன்னோர் எண்ணிக்கை. எண் கூடினால் செய்தி முதல் பக்கத்தில் நிற்கும். ஜனவரி நடுவில் ஒருநாள் தொலைபேசியில் தலைமை அலுவலகத்துக்கு எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கு நின்றுவிட்டது. நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். இலங்கையில் நிவாரணப் பணிக்குத் தமிழும் ஆங்கிலமும் எழுதத் தெரிந்தவர்கள் தேவை என்று ஒரு தொண்டு நிறுவனம் கேட்டிருந்தது. ஐம்பது வயதை நெருங்கிய ஆளை எடுத்துக்கொள்வார்களா என்று தயங்கினேன். எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி முதல் வாரம் கொழும்பிலிருந்து பேருந்தில் ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை போய்ச் சேர்ந்தேன். 2002-இல் கையெழுத்தான போர்நிறுத்தம் அப்போது பெயரளவிலேனும் நடப்பில் இருந்தது. ஆனாலும் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த ஊர். உள் துறைமுகத்தின் நீர் குளம் போல அசையாமல் கிடந்தது. மலைகள் சூழ்ந்த அந்தப் பக்கம் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வெளிக் கடலைப் பார்த்த கரைகள்தாம் போயின. திருக்கடலூர், உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, தெற்கே கிண்ணியா, மூதூர். மாவட்டத்தில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். ஒரே ஊர், ஒரே கடல். ஒரு பக்கம் அமைதி, மறுபக்கம் வெறும் அடித்தளங்கள்.

நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியை ஒட்டிய ஒரு முகாமில் எனக்கு வேலை. தொண்டர்களுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வாடகை வீடு. நான் வீடு கட்டவில்லை, கிணறு இறைக்கவில்லை. மனு எழுதினேன். கடல் கொண்டுபோனவற்றில் காகிதங்கள்தாம் முக்கியமானவை என்பது அங்கே போன பிறகுதான் விளங்கிற்று. அடையாள அட்டை இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை, வங்கிப் புத்தகம் இல்லை, காணி உறுதி இல்லை. ஆளுக்கு வாரம் 375 ரூபாய் நிவாரணம், குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை என்று அரசு அறிவித்திருந்தது. அதைப் பெறக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் தாம் தாமே என்று காட்ட வேண்டும். உடல் கிடைக்காதவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெறுவது அதைவிடக் கடினம். அதற்கென்று சிறப்புச் சட்டமே 2005-இல் பின்னர் கொண்டுவர வேண்டியிருந்தது. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் மறுபடி வீடு கட்டக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். மீனவன் கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் எப்படி இருப்பான் என்ற கேள்வியை எத்தனை மனுவில் எழுதினேன் என்று நினைவில்லை.

*

பிப்ரவரி 9 அன்று தவக்காலம் தொடங்கியது. நாங்கள் திருநீற்றுப் புதன் என்பதை அங்கே முதியவர்கள் விபூதிப் புதன் என்றார்கள். நான் தூத்துக்குடிக் கரையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். இளமையில் கோயிலோடு வளர்ந்தேன். பத்திரிகைக்கு வந்த பிறகு கிறிஸ்துமஸுக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும் மட்டும் எட்டிப் பார்ப்பவன் ஆனேன். எனினும் சில பழக்கங்கள் உடம்பில் இருக்கும். திருநீற்றுப் புதனுக்குப் பூசும் சாம்பலை முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்துச் செய்வார்கள். வீட்டில் திருவுருவப் படத்தின் பின்னால் செருகி வைத்த ஓலையைக் கொண்டுவந்து கோயிலில் கொடுப்போம். அந்த ஆண்டு முகாமில் இருந்தவர்களிடம் ஓலை இல்லை. படம் இல்லை. செருகி வைக்கச் சுவர் இல்லை. பங்குத்தந்தை நகரத்துக்குள் இருந்த வீடுகளிலிருந்து ஓலை வாங்கி எரித்து அந்தச் சாம்பலைக் கொண்டுவந்து எல்லோர் நெற்றியிலும் பூசினார். மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்ற பொருளில் குரு வழக்கமாகச் சொல்லும் வாக்கியத்தை அன்று அவர் சொல்லவில்லை. மனம் மாறச் சொல்லும் மற்ற வாக்கியத்தைச் சொன்னார். திருச்சபை இரண்டையும் அனுமதிக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

தவக்காலத்தில் இறைச்சி தவிர்ப்பார்கள், மீன் உண்பார்கள். கரையோர ஊர்களில் இந்த நாற்பது நாளும் மீனுக்கு நல்ல விலை. அந்த ஆண்டோ, இலங்கையிலும் சரி, நம் கரையிலும் சரி, வாரக்கணக்கில் மீன் வாங்க ஆளில்லை. கடலுக்குள் போன உடல்களை மீன் தின்றிருக்கும் என்ற பேச்சு. முகாமில் ஒருவருக்கும் மீன் இறங்கவில்லை. நோன்பு என்று சொல்லிச் செய்ததல்ல அது.

நான் நோன்பிருக்க முடிவு செய்தேன். நீண்ட காலத்துக்குப் பிறகு. மதிய உணவை விட்டேன். இரண்டாம் வாரம் அது ஒரு மூதாட்டியின் கண்ணில் பட்டது. முகாமில் எல்லோரும் அவரைப் பெரியம்மா என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். கணவர், மூத்த மகள், அவளது பிள்ளைகள் இருவர், தன் சொந்தத் தங்கை என்று ஐந்து பேரைக் கொடுத்தவர். இளைய மகனும் எட்டு வயதுப் பேத்தி ஒருத்தியும் மிஞ்சியிருந்தார்கள். ஒருநாள் தட்டில் சோறும் பருப்பும் சம்பலும் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, ஏன் மத்தியானம் சாப்பிடாமல் இருக்கிறீங்கள்?"

தவக்காலம் என்றேன்.

"உங்களுக்கு விரதம். எங்கட பிள்ளையள் பார்த்தால், சாப்பாடு காணாது போல, ஐயா தனக்கு எடுக்காமல் விடுறார் எண்டு நினைக்குதுகள். சாப்பிடுங்கோ. விடுறதெண்டால் வேறை ஏதும் விடுங்கோ."

எதை விடுவது என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வாற ஆக்கள் எல்லாரும் எத்தனை பேர், எத்தனை பேர் எண்டுதான் கேக்கினம். நீங்களும் வந்த அண்டைக்கு அதைத்தான் கேட்டனீங்கள். பேர் என்ன எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

நாகப்பட்டினத்தில் எது என் நாக்கை நிறுத்தியதோ அதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அன்று முதல் என் குறிப்பேட்டில் எண்ணுக்கான கட்டத்தை அடித்துவிட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் பெயர்களைக் கேட்டு எழுதினேன். நிறுவனத்தின் படிவத்துக்கு அது தேவையில்லை. வேலை இரு மடங்காயிற்று. பெயரைச் சொல்லும்போது மக்கள் கூடவே வேறு எதையாவது சொன்னார்கள். பாடுவான், பல்வலி இருந்தது, சைக்கிள் கேட்டுக்கொண்டிருந்தான் என்று. அந்தத் தவக்காலத்தில் நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

*

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். கடல் கடந்து இந்த மண்ணுக்கு உதவ வந்தவர்கள் என்று சொன்னால் நம்மில் பலருக்கு வெள்ளைக்கார முகம்தான் நினைவுக்கு வரும். கத்தோலிக்கத்தின் முதல் வருகை உதவியாக இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 1620-களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். சுவாமி மலையில் இன்றுள்ள கோயில் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. அந்த மலையைப் பார்த்தபடி சிலுவைப் பாதை செய்கிறவனுக்கு அது நினைவிருக்க வேண்டும்.

பின்னர் ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கம் தடை செய்யப்பட்டபோது வந்தவர்கள் இந்தியர்கள். கோவாவிலிருந்து 1687-இல் மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகள் 1711-இல் கண்டியில் மறைந்தார்; 2015-இல் கொழும்பில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரைத் தொடர்ந்து 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் நூல்கள் எழுதினார். பெரிய வாரத்தில் படிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்தது. அவரும் 1742-இல் இலங்கையிலேயே இறந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து யேசு சபைக் குருக்கள் வந்தார்கள். லூசியானாவில் பிறந்த யூஜின் ஹெபர்ட், நியூ ஆர்லியன்ஸ்காரரான பெஞ்சமின் மில்லர் இருவரும் 1948-இல் வந்தவர்கள். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்குப் பாடமும் கூடைப்பந்தும் கற்றுக் கொடுத்தவர் ஹெபர்ட். 1990 ஆகஸ்ட் 15 அன்று, தமிழர்களும் முஸ்லிம்களும் மாறி மாறிக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ் இளைஞரோடு கிளம்பியவர் ஏறாவூர்ப் பக்கம் காணாமல் போனார். இருவரும் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. நான் போனபோது அவர் காணாமல் போய்ப் பதினைந்து ஆண்டு ஆகப்போகிறது. கோயிலில் மணியடிக்கும் முதியவர் அவரைப் பற்றி நிகழ்காலத்தில்தான் பேசினார். மில்லர் அடிகள் போர்க்காலம் முழுதும் மட்டக்களப்பில் இருந்து, காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக அலைந்து, 2019 ஜனவரி 1 அன்று அங்கேயே காலமானார்.

இவர்கள் யாரிடமும் திரும்பும் பயணச்சீட்டு இல்லை. என்னிடம் இருந்தது. ஏப்ரல் 10, கொழும்பிலிருந்து சென்னை. பெட்டியின் உள் பையில் கடவுச்சீட்டோடு இருந்தது.

*

பெரிய வாரம் வந்தது. மார்ச் 20 குருத்து ஞாயிறு. மார்ச் 25 பெரிய வெள்ளி. அன்றைய வழிபாட்டில் திருப்பாடுகளின் வரலாற்றை மூவர் பிரித்து வாசிப்பார்கள். ஒருவர் இயேசுவின் சொற்களை. ஒருவர் கதை சொல்பவராக. மூன்றாமவர் மற்ற எல்லோருடைய சொற்களையும். இந்தியாவிலிருந்து வந்த ஐயா வாசிக்கட்டும் என்று மூன்றாம் பங்கை எனக்குக் கொடுத்தார்கள். பிலாத்துவும் நான்தான், கூட்டமும் நான்தான், மூன்று முறை மறுதலிக்கும் பேதுருவும் நான்தான். என் உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று இரவு முழுநிலவு. டிசம்பர் 26-ம் முழுநிலவு நாள் என்பதால் பலர் தூங்கவில்லை.

மறுநாள் சனி இரவு பாஸ்கா திருவிழிப்பு. தேதியைக் கவனியுங்கள்: மார்ச் 26. சரியாக மூன்று மாதம். அந்த இரவில் பழைய ஏற்பாட்டு வாசகங்கள் பல உண்டு. நேரத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை மட்டும் விடக் கூடாது என்பது திருச்சபையின் விதி. கடல் பிளந்து இஸ்ராயேலர் நடந்து போவதும், பின்னால் வந்தவர்கள் மீது அதே கடல் மூடிக்கொள்வதும். மூன்று மாதத்துக்கு முன் கடல் மூடிய மக்களின் நடுவே அதை வாசிக்க வேண்டும். வாசிக்க நியமிக்கப்பட்ட இளைஞர் எழுந்திருக்கவில்லை. பங்குத்தந்தை தாமே போய் வாசித்தார். அவசரப்படாமல், குரலை உயர்த்தாமல். நடுவில் ஒரு பெண் எழுந்து வெளியே போனாள். இன்னும் இருவர் போனார்கள். அவர் நிறுத்தி, அவர்கள் வெளியே போய்ச் சேரும் வரை காத்திருந்து, பிறகு தொடர்ந்தார். மறையுரையில் அந்த வாசகத்தை விளக்கவில்லை. எனக்குத் தெரிந்த எத்தனையோ பேச்சாளர்கள் விளக்கியிருப்பார்கள்.

*

இனி அந்த இரவு.

மார்ச் 28, திங்கட்கிழமை. உயிர்ப்புக்கு மறுநாள். இரவு 10 மணி கடந்து சுமத்ராவின் நியாஸ் தீவருகே 8.6 அளவில் நிலநடுக்கம். சற்று நேரத்தில் வானொலி, கைத்தொலைபேசி, சாலையில் ஓடுபவர்களின் குரல், எல்லாம் ஒரே சமயத்தில். "கடல் வருது! கடல் வருது!" கரையோரம் முழுதும் மக்கள் உள்நோக்கி ஓடினார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் வெளிநாட்டுத் தொண்டர்கள் உடனே ஜீப்பில் ஏற வேண்டும், வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்றார். பாதுகாப்பு விதி அப்படித்தான் இருந்தது. ஒப்பந்தத்தில் நானே கையெழுத்திட்டது. ஏறினேன். எட்டுப் பேருக்கான வண்டியில் ஆறு பேர் இருந்தோம்.

கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் போகும் வீதியில் வண்டி திரும்பியது. தேய ஆரம்பித்த நிலா, நல்ல வெளிச்சம். வீதி நிறைய மனிதர்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, பாய்களைச் சுருட்டிக்கொண்டு, சிலர் ஒன்றுமே இல்லாமல். வண்டி ஒலியெழுப்பி விலக்கிக்கொண்டு போயிற்று. ஓரிடத்தில் வேகம் குறைந்தது. இடப்பக்கம் பெரியம்மா. பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார். விளக்கொளியில் திரும்பிப் பார்த்தார். நான் சன்னலோரம் இருந்தேன். என் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் இடையே ஒரு கை நீளம் இருந்திருக்கலாம்.

இரண்டு இடம் காலியாக இருந்தது. நிறுத்துங்கள் என்று ஒரு சொல் போதும். ஓட்டுநர் உள்ளூர்க்காரர், நிறுத்தியிருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன். நான் சொல்லவில்லை. விதி நினைவுக்கு வந்ததா, பயமா, வண்டியில் இருந்த மற்றவர்களுக்கு முன் கூச்சமா என்று பலமுறை என்னை விசாரித்திருக்கிறேன். பயம்தான். வண்டி நகர்ந்தது.

மேட்டில் ஒரு மரத்தடியில் இரவைக் கழித்தோம். நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். கோயில் மணியடிக்கும் முதியவரும் வந்தார். 1942-இல் உயிர்ப்பு ஞாயிறன்று ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதையும், அதே வாரம் ஏப்ரல் 9 வியாழனன்று திருகோணமலைத் துறைமுகத்தில் போட்டதையும், தான் சிறுவனாகக் காட்டுக்குள் ஓடியதையும் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெரியம்மாவைத் தேடவில்லை. தேடினால் கண்டுபிடித்துவிடுவேனோ என்று இருந்தது.

கடல் வரவில்லை. நியாஸில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். எங்கள் கரையில் ஒன்றும் ஆகவில்லை. விடியற்காலையில் முகாமுக்குத் திரும்பினோம். ஏழு மணிக்குப் பெரியம்மா ஒரு கோப்பையோடு என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

அவ்வளவுதான். கோப்பையை வாங்க எனக்குக் கை வரவில்லை. பெரியம்மா, நேற்று வண்டியில் இடம் இருந்தது என்றேன். அவர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தெரியும். பார்த்தனான்." பிறகு சொன்னார்: "டிசம்பரிலை நானும் ஓடினனான், தம்பி. தங்கச்சி பின்னாலை நிண்டு கூப்பிட்டவள். கேட்டது. திரும்பேல்லை. திரும்பியிருந்தால் இந்தப் பிள்ளையும் இல்லை, நானும் இல்லை. எண்டாலும் கூப்பிட்டது கேட்டது."

என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தம்மிடம் இருந்த அதே பொருள் என்னிடமும் இருக்கிறது என்று காட்டிவிட்டு எழுந்து போனார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். அவர் ஓடியபோது பின்னால் நிஜமாகவே கடல் இருந்தது. கையில் ஒரு குழந்தை இருந்தது. என் பின்னால் இரண்டு காலி இடங்கள் இருந்தன.

*

ஏப்ரல் 10 அன்று கிளம்பி வந்தேன். புறப்படும்போது பெரியம்மா ஒரு தாளைக் கொடுத்தார். ஐந்து பெயர்கள், பேத்தியின் கையெழுத்தில். "நீங்கள் பேப்பர்காரர்தானே. எழுதேக்க பேரைப் போடுங்கோ" என்றார். சரி என்றேன்.

எழுதவில்லை. ஊர் திரும்பினால் தேர்தல், மழை, வெள்ளம் என்று ஒவ்வொன்றாக வந்தது. அங்கேயும் நிலைமை கெட்டது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று மூதூரில், ஒரு பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் அலுவலக வளாகத்திலேயே கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். பதினேழு பேரும் உள்நாட்டுக்காரர்கள். இதை எழுதும்வரை எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்தச் செய்தி மேசைக்கு வந்தபோது நான் முதலில் எண்ணிக்கையைத்தான் திருத்தினேன். பிறகுதான் அந்த வீதியும் ஜீப்பும் நினைவுக்கு வந்தன. ஆபத்து வரும்போது வண்டி யாருக்கு, நடை யாருக்கு என்பது எங்கோ முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. தொண்டு செய்யப் போகிறவர் அதில் கையெழுத்திட்டுத்தான் போகிறார்.

போகாதே என்று அந்தப் பெண்ணுக்கு நான் எழுதவில்லை. போகச் சொல்லித்தான் எழுதினேன். பெரிய வாரத்தை அங்கே இழந்துவிடுவாய் என்று உன் அம்மா கவலைப்பட வேண்டாம். டொராண்டோவில் கேட்காத வியாகுலப் பிரசங்கத்தை அங்கே கேட்பாய் என்றேன். நோன்பிருப்பதானால் பிள்ளைகள் கண்ணில் படாமல் இரு. யாராவது சோறு கொடுத்தால் வாங்கிச் சாப்பிடு. திரும்பும் பயணச்சீட்டு உன்னிடம் இருப்பதை அவர்கள் அறிவார்கள். அதை நீ மறந்ததுபோல் நடந்துகொள்ளாதே. வண்டியில் இடமிருந்தால் நிறுத்தச் சொல். எத்தனை பேர் என்று கேட்குமுன் பேர் என்ன என்று கேள்.

அந்தத் தாளின் நகலையும் இணைத்திருந்தேன். நிலாவெளி வீதிப் பக்கம் விசாரித்தால் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கலாம். எட்டு வயதுப் பேத்திக்கு இப்போது முப்பதை நெருங்கும் வயது. அவள் சம்மதித்தால் அந்த ஐந்து பெயர்களையும் எழுதுவேன். அதுவரை அவற்றை இங்கே போட எனக்கு உரிமையில்லை; தாமதம் செய்தவனுக்கு அவசரப்படும் உரிமை கிடையாது.

இன்று காலை பதில் வந்திருக்கிறது. 'கட்டாயம் தேடுகிறேன் மாமா. தாளில் இறந்தவர்களின் பெயர்கள் மட்டும்தான் இருக்கின்றன. அந்தப் பெரியம்மாவின் பேர் என்ன?'

குறைந்தது மூன்று மனுக்களில் அந்தப் பெயரை என் கையால் எழுதியிருக்கிறேன். காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நினைவுக்கு வரவில்லை.